ஒரு தாள் கூடுதல்

படிவம் நிரப்புவதில் எனக்குக் கைராசி உண்டு என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். எழுத்து கட்டத்தைத் தாண்டாது. அடித்தல் திருத்தல் கிடையாது. இது கல்லூரியை இரண்டாம் வருடத்தோடு விட்டவனின் கையெழுத்தா என்று ஒரு வங்கி மேலாளரே கேட்டிருக்கிறார். இந்த வாக்குமூலத்தையும் என்னிடமே கொடுத்திருந்தால் உங்களுக்கு வேலை மிச்சம். பரவாயில்லை ஐயா, மெதுவாகவே எழுதுங்கள். எனக்கு எங்கும் போக வேண்டியதில்லை.

நான் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் ஏஜென்ட். சாவி வெட்டும் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் நிறுவனத்தின் பெயர்ப்பலகை. நிறுவனம் ஊரின் மறுகோடியில், மூன்றாவது மாடியில். தெருவில் யாருக்காவது பங்கு வாங்கும் ஆசை வந்தால் என்னிடம் வருவார்கள். பணத்தை வாங்கி மேலே அனுப்புவது என் வேலை. அதற்கு எனக்குக் கமிஷன். ஆறு வருடத்தில் முப்பத்தொரு குடும்பம் சேர்ந்தது. அதில் ஒன்று, மூன்றாம் வருடம் சேர்ந்த என் அக்கா குடும்பம்.

நிறுவனம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் திறக்கவில்லை. முதலாளி வாடிக்கையாளர்களின் பங்குகளை அவர்களுக்குத் தெரியாமல் அடகு வைத்து, அந்தப் பணத்தைச் சந்தையில் விட்டுவிட்டு நின்றார். பதினோரு மணிக்கு மூன்றாவது மாடியில் இருநூறு பேர். கண்ணாடிக் கதவை நாற்காலியால் உடைத்தார்கள். முதலாளி உள்ளேதான் இருந்தார், மேசைக்கு அடியில். காலைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவர் பெல்ட்டைக் கழற்றி அதன் கொக்கியால் அடித்தார். இன்னொருவர் கம்ப்யூட்டர் திரையைத் தூக்கி முதுகில் போட்டார். முதலாளியின் மூக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அந்தப் பக்கம் இல்லை.

நான் அடிக்கவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் மேசை இழுப்பறையை மூடினேன், அவ்வளவுதான். அவர் கை உள்ளே இருந்தது. மூன்று தடவை மூடவேண்டியிருந்தது. சாக்பீஸ் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வரும், பிறகு கொஞ்ச நேரம் சத்தமே வராது. மூன்றாவது தடவை பீரோச் சாவி இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டார். சுற்றி நின்றவர்கள் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். எங்களுக்காக ஒருத்தன் இருக்கிறான் என்று ஒரு அம்மா அழுதுகொண்டே சொன்னார். பீரோவில் பணம் இல்லை. ஆனால் நான் தேடியது பணத்தை அல்ல.

இனி சட்டம். உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன்; இது புரியாமல் மற்றது புரியாது. தரகு நிறுவனம் ஏமாற்றிவிட்டுத் திவாலானால், முதலீட்டாளர் நடுத்தெருவில் நிற்க வேண்டியதில்லை. அதற்கென்றே ஒரு பாதுகாப்பு நிதி இருக்கிறது. தொண்ணூறு நாளுக்குள் விண்ணப்பித்தால், ஒரு வரம்பு வரைக்கும் இழந்ததை ஈடுகட்டும். நல்ல ஏற்பாடு. எழுதியவன் யோசித்து எழுதியிருக்கிறான். ஆனால் ஒரு விதிவிலக்கு. மாதாமாதம் இவ்வளவு கட்டாயம் தருகிறேன் என்று யாராவது எழுதிக் கொடுத்து, அதை நம்பிக் கொடுத்த பணம் முதலீடு ஆகாது. அது கடன். சந்தையில் நனைந்தவனுக்குத்தான் குடை, வட்டிக்குக் கொடுத்தவனுக்கு இல்லை.

நான் முப்பத்தொரு பேருக்கும் அப்படித்தான் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தேன்.

வேறு வழியில்லை. பங்கு ஏறும் இறங்கும் என்று சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். மாதம் இவ்வளவு, கையெழுத்து, தேதி என்று ஒரு தாளைக் கொடுத்தால் மடித்துப் பணப்பையில் வைத்துக்கொள்வார்கள். அந்தத் தாள்தான் இப்போது அவர்களுக்கு எமன். ஒரே ஒரு விண்ணப்பத்தில் அது போனால்கூட, ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நிதிக்காரர்கள் முப்பத்தொன்றையும் தள்ளிவிடுவார்கள். அதனால் வீடு வீடாகப் போனேன். சீட்டைக் கொடுத்துவிடுங்கள், விண்ணப்பத்தை நானே நிரப்பித் தருகிறேன், கூலி வேண்டாம் என்றேன். சொன்னது பொய்யில்லை. கொடுத்தார்கள், எரித்தேன்.

தையற்காரம்மா மட்டும் முரண்டு பிடித்தார். தனியாக இருப்பவர், அந்தச் சீட்டைத் தவிர வேறு துணை இல்லாதவர் மாதிரி பேசினார். மேசையில் இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது. அவர் வலது கையைத் துணிமேல் விரித்து வைத்து, பெட்டியை அதன்மேல் வைத்தேன். அழுத்தவில்லை. பெட்டியின் கனமே போதும். இரண்டு எண்ணுவதற்குள் சீட்டு எங்கே என்று சொல்லிவிட்டார். பிறகு நானே மருந்துக் கடைக்குப் போய்க் களிம்பு வாங்கி வந்து தடவிவிட்டேன். அவர் விண்ணப்பத்தில் கையெழுத்துக்குப் பதிலாக இடது பெருவிரல் ரேகை இருப்பதன் காரணம் இதுதான். நீங்கள் கேட்டீர்கள் அல்லவா.

முப்பது ஆயிற்று. பாக்கி மாமா.

மாமா என்றால் அக்காவின் கணவர். ரயில் பாதைக்குப் பக்கத்தில் உள்ள எடைமேடையில் இருபத்தெட்டு வருடமாக எழுத்தர். லாரி மேடைமேல் ஏறி நிற்கும், கேபினில் உள்ள பெட்டியில் நம்பர் ஓடி நிற்கும், மாமா சீட்டு அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பிரதி. அந்த வேலை மனிதனை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். சீட்டு இல்லாத எதுவும் அவருக்கு நடக்காத விஷயம்.

விண்ணப்பத்தை என்னிடம் கொடுக்காமல் அவரே நிரப்பினார். நான் கொடுத்த ரசீதுகளோடு பதினாறு இணைப்புகள். ஒவ்வொன்றின் மூலையிலும் எண். கடைசியில் 'கூடுதல் ஆதாரம் ஏதேனும் இருப்பின்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் பதினேழு என்று போட்டு என் சீட்டை இணைத்து வைத்திருந்தார்.

"மாமா, அதை எடுத்துடுங்க. அது இருந்தா ஒரு பைசா வராது" என்றேன்.

"லோடு ஏத்தினவன்கிட்ட எடைச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போன்னு சொன்னா போவானா மாப்ள?"

"இது வேற மாமா."

"எல்லாம் ஒண்ணுதான். தாள் வெச்சிருக்கறவன் பேசலாம். தாள் இல்லாதவன் அழலாம்."

அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "அவர்கிட்ட ஏன்டா மல்லுக்கு நிக்கற? கல்யாணப் பத்திரிகையையே இன்னும் பீரோவுல பூட்டி வெச்சிருக்காரு. நாளைக்கு நான் பொண்டாட்டியே இல்லன்னு சொல்லிட்டா காட்டணுமாம்."

"உன்னை நம்பலாம்" என்றார் மாமா. "உன் தம்பிக்குத்தான் ரெண்டு பிரதி வேணும்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

மூன்று தடவை போய்ப் பேசினேன். விதியைப் பிரதி எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். படித்துவிட்டு, "எழுத்துல இருக்கறதைக் காட்டக் கூடாதுன்னு ஒரு சட்டம் இருக்குமா? நீ தப்பாப் புரிஞ்சிருக்க. நான் போய் அங்கயே கேட்டுடறேன்" என்றார். தன்னைக் காப்பாற்றும் காகிதம் எது, கவிழ்க்கும் காகிதம் எது என்று தெரியாத மனிதர். கூடுதலாக ஒரு தாள் வைத்தால் கூடுதலாக நியாயம் கிடைக்கும் என்று நம்பினார்.

எண்பத்தேழாவது நாள். இன்னும் மூன்று நாள்தான் பாக்கி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடைமேடைக்குப் போனேன். அந்த நேரத்தில் லாரிகள் அதிகம் வராது. மேடைக்குக் கீழே ஆள் நிற்கிற உயரத்துக்கு ஒரு குழி உண்டு. எடையைத் தாங்கும் கருவிகள் அங்கேதான் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை அதில் இறங்கிச் சேறு வழிப்பார்கள். பக்கவாட்டில் இரும்பு மூடி, உள்ளே ஏணி. அன்றைக்கு மூடி திறந்து கிடந்தது. நான் திறக்கவில்லை.

மாமா கேபினில் தனியாக இருந்தார்.

"வா மாப்ள. நானே உன்னைத் தேடி வரணும்னு இருந்தேன். சாப்பிட்டியா?"

"ஆச்சு மாமா."

"நேத்து நிதி ஆபீசுக்குப் போனேன். சீட்டை முன்னால வைக்கணுமா பின்னால வைக்கணுமான்னு கேக்கத்தான் போனேன். கவுன்டர்ல ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு, உக்காருங்கன்னு சொல்லிச்சு. கம்ப்யூட்டர்ல என் பேரைப் போட்டுப் பாத்துச்சு." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அந்த நிறுவனத்துல என் பேருக்குக் கணக்கே இல்லையாமே மாப்ள."

நான் ஜன்னல் வழியே மேடையைப் பார்த்தேன்; வண்டி எதுவும் இல்லை.

"பங்கு வாங்கினதுக்குன்னு நீ ரசீது குடுத்தியே, எல்லாம் வெத்துத் தாளுல சீல் குத்தினதாம். நம்பரே பொருந்தலையாம். உன் சீட்டு ஒண்ணுதான் நிஜமாம்."

அந்த வெற்றுத் தாள்களும் சீலும்தான் முதலாளியின் பீரோவில் இருந்தவை. முப்பத்தொரு பேருக்கும் நாலு வருடக் கணக்கை நான் உட்கார்ந்து எழுதினேன். பதினோரு நாள் ஆயிற்று. சும்மா வந்துவிடவில்லை.

"அந்தப் பொண்ணு சொல்லுது, 'ஐயா, உங்களை ஏமாத்தினது நிறுவனம் இல்ல, ஏஜென்ட். நிதியால குடுக்க முடியாது. ஆனா இந்தச் சீட்டை விட்டுடாதீங்க. இதை வெச்சுப் போலீஸ்ல புகார் குடுங்க, கோர்ட்டுல அவர் சொத்தை முடக்கலாம். மத்தவங்ககிட்ட சீட்டு இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க'ன்னு. மத்தவங்ககிட்ட இல்லையேம்மான்னு சொன்னேன். ஏன் இல்லன்னு கேட்டுச்சு. எந்திரிச்சு வந்துட்டேன் மாப்ள."

"புகார் குடுத்துட்டீங்களா?"

"என் பொண்டாட்டி தம்பிடா நீ. உன்னைக் கேக்காம குடுப்பேனா?"

கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை முப்பது பேரையும் கூட்டு என்றார். வீட்டை விற்றுக் கொடுத்துவிடு, குறைந்தால் நானும் கொஞ்சம் போடுகிறேன் என்றார். "அடிக்க வருவாங்க. வரட்டும். மொத அடியை நான் வாங்கிக்கறேன். நீ என் பின்னாடி நில்லு" என்றார். சொல்லிவிட்டு, எதையோ எடுக்க இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டைத் திறக்கக் குனிந்தார்.

மேடை சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க, கைப்பிடி வைத்த இரும்புக் கட்டிகள் கேபினில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் இருபது கிலோ. ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சு வரைக்கும் தூக்கி, அவர் பின்மண்டைக்கு நேராக விட்டேன். நான் அடித்தேன் என்று சொல்வதைவிட விட்டேன் என்பது சரி. மிச்சத்தை எடை பார்த்துக்கொண்டது. அவர் முழங்கால் மடங்கி, அலமாரிக்கு வணக்கம் வைக்கிற மாதிரி முன்னால் சாய்ந்தார். காதிலிருந்து இரத்தம் வந்தது. சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் சீட்டு இருந்தது. எடுத்துக்கொண்டேன். அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டுபோய்க் குழியில் தள்ளி, இரும்பு மூடியைப் போட்டேன். கீழே முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர். விழுந்த சத்தம் பெரிதாக இல்லை.

தரையைத் துடைத்து முடிக்கும்போது ஒரு லாரி வந்து மேடைமேல் நின்றது. பழைய இரும்பு ஏற்றியது. ஓட்டுநர் இறங்கி வந்து ஜன்னலில் முழங்கையை ஊன்றினார். பெரியவர் சாப்பிடப் போயிருக்கிறார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பெட்டியில் நம்பர் ஓடியது. இருபத்தோராயிரத்து நானூற்று எண்பது. நிற்கப் போகிறது என்று பார்த்தால் நானூற்று நாற்பது. திரும்ப அறுபது. திரும்ப நாற்பது.

"என்ன சார், நம்பர் நிக்கவே மாட்டேங்குது?"

"காத்து" என்றேன்.

"இருபது டன் வண்டியைக் காத்தா ஆட்டுது? என் மாமியார் மனசுகூட இவ்வளவு ஆடாது சார்."

எனக்கு உடனே புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. மாமா சாகவில்லை. கீழே எழுந்து நின்று மேடையை முதுகால் முட்டிக்கொண்டிருந்தார். அவர் முட்டும்போதெல்லாம் இருபது, நாற்பது கிலோ குறைந்து காட்டியது. அறுபத்தெட்டு கிலோ மனிதர், மண்டை உடைந்தவர், இருபத்தொரு டன்னை நிமிர்த்தப் பார்க்கிறார். அந்த வயதுக்கு அது பெரிய பலம். லாரி இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் கத்தினாரா என்று என்னால் சொல்ல முடியாது. நம்பரைத்தான் பார்த்தேன். அவர் எத்தனை தடவை முட்டினார் என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். இருபத்து மூன்று.

ஒன்பது நிமிடம் கழித்து நம்பர் நின்றது. நானூற்று எண்பது. மூன்று பிரதி அடித்து, கையெழுத்துப் போட்டு, வெள்ளையை ஓட்டுநரிடம் கொடுத்தேன். குறையாமல் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம். ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

லாரி போனபிறகு மூடியைத் திறந்து ஏணியில் இறங்கினேன். மாமா ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்து வரைக்கும் சேறு. முதுகில் சட்டை கிழிந்து, சதையும் சேர்ந்து உரிந்திருந்தது. ஒரு கண் திறந்திருந்தது. நான்தான் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கையை நீட்டினார். "மாப்ள, அக்காகிட்ட..." என்று ஆரம்பித்தார்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். மற்றக் கையால் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினேன். முதலில் என் கையை இறுக்கிப் பிடித்தார், பிறகு நகத்தால் கீறினார், பிறகு விட்டுவிட்டார். அவர் பேச்சை முடிக்க விடாதது ஒன்றுதான் மரியாதைக் குறைவு. வயதில் பெரியவர்.

சேறு வழிக்க இறங்கும்போது வழுக்கி விழுந்துவிட்டார் என்று எல்லோரும் நம்பினார்கள். அக்கா என் மடியில் தலைவைத்து அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பு இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நாளில் முப்பது விண்ணப்பங்களையும் நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். மாமாவின் விண்ணப்பத்தையும், பதினாறு இணைப்புகளோடு. அவர் பேரில் பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் அவர் பாடுபட்டு எழுதியது, வீணாக்க மனம் வரவில்லை.

நீங்கள் என்னை எப்படிப் பிடித்தீர்கள் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. இரும்பு உருக்கும் ஆலையில், எடைச் சீட்டில் இருப்பது பெரியவர் கையெழுத்து இல்லை என்று சொல்லி ஓட்டுநரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர் எடைமேடைக்கு வந்து கேட்க, அவர் சொன்ன நேரம் மாமா செத்த நேரமாக இருந்தது. அதோடு அந்தக் கவுன்டர் பெண் மாமாவின் சீட்டைப் பிரதி எடுத்துத் தேதி முத்திரை குத்தி வைத்திருந்தார். நல்ல வேலைக்காரி. அந்த இடத்தில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

நேற்று நீங்கள் ஒன்று சொன்னீர்கள். முப்பது பேருக்கும் நிதியிலிருந்து ஒன்றும் வராது, போலி ரசீது என்று எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்கள் என்று. சீட்டு இருந்திருந்தால் என் பேரில் வழக்காவது போட்டிருக்கலாம், அதுவும் சாம்பலாகிவிட்டது என்று. தையற்காரம்மா கையில் கட்டோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

அவர்கள் பணம் எங்கே என்று நாலு தடவை கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். முதல் இரண்டு வருடம் ஒரு காசு விடாமல் நிறுவனத்துக்குத்தான் அனுப்பினேன். பிறகு ஒருநாள் அந்தப் பாதுகாப்பு நிதியைப் பற்றிப் படித்தேன். என்ன ஆனாலும் இவர்களுக்கு நட்டம் வராது, மேலே ஒரு குடை விரித்திருக்கிறது என்று தெரிந்தது. மனது லேசாகிவிட்டது. அன்றைக்குப் பிறகு அனுப்பவில்லை. அவர்களுக்கு மாதாமாதம் தருவது போக வீடு கட்டினேன். மிச்சம் வீட்டில்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

மாமாவைக் கொன்றது நான்தான். முதலாளியின் கை, அந்த அம்மாவின் கை, எல்லாம் நான்தான். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போடுகிறேன். ஆனால் முப்பத்தொரு குடும்பத்தின் பணத்தைத் திருடினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அவர்களிடம் நான் எதுவும் எடுக்கவில்லை, ஐயா. நான் எடுத்தது சட்டத்திடம். மாமா குறுக்கே வந்துவிட்டார்.